விசாரிக்க வந்தீர்கள்

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் சபையில் ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு பத்துப் பன்னிரண்டு பேராகப் போய், பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிவிட்டு வருகிறார்கள். போன வாரம் அக்காவின் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் தம்பி, நானே சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டாராம். "நாங்கள் செய்தது தப்பா? வியாதிக்காரர் வீட்டுக்குப் போகாவிட்டால் சபை எதற்கு? நம்ம பக்கத்தில் அந்தக் காலத்துச் சபைகள் இதையெல்லாம் எப்படிச் செய்தன?" இதுதான் கேள்வி.

தப்பில்லை தம்பி. அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு வீடு வீடாகப் போய் வருகிறவள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உடம்பு விஷயம். கீமோ ஏற்றிய பிறகு, பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்து கிடக்கும். மருந்தைப் பொறுத்து நாள் முன்னே பின்னே ஆகும். அந்தச் சமயத்தில் உங்களில் ஒருவருக்கு இருக்கும் சாதாரணச் சளி, அக்காவுக்குச் சாதாரணமாக முடியாது. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் 'காலையில் பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்றுதான் டாக்டர்கள் சொல்லி அனுப்புவார்கள். அந்த வீட்டுக்காரர் தெர்மாமீட்டரும் கையுமாக இருக்கிறார். அவர் கண்ணுக்கு நீங்கள் பன்னிரண்டு பேர் இல்லை, பன்னிரண்டு மூக்கு.

அப்புறம் அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்னறை ஒன்று, அடுக்களை ஒன்று என்று இருக்கும். நீங்கள் வருகிறீர்கள் என்றால் முடி கொட்டிய தலைக்கு அக்கா துண்டு கட்ட வேண்டும், நைட்டியை மாற்ற வேண்டும், எழுந்து சாய்ந்து உட்கார வேண்டும். பிள்ளைகள் புத்தகத்தை மடக்கிக்கொண்டு திண்ணைக்குப் போக வேண்டும். யாராவது காப்பி போட வேண்டும். அது நம்ம ஊர். வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வராது. இது வாராவாரம்.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் புற்றுநோய் வந்த ஒரு பெரியம்மாவைப் பார்க்க நாங்கள் எட்டுப் பேர் போனோம். கூட வந்த ஒரு அண்ணாச்சி ஜெபத்தை ஆரம்பித்தார். ஆபிரகாமில் தொடங்கினார், அப்போஸ்தலர் வரை வந்தார், திரும்பவும் எலியாவிடம் போனார். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியம்மா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார். கால் விரல்கள் மடங்கியிருந்தன. வலி போல என்று நினைத்துத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் சொன்னதும் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு, "ஒண்ணுக்குப் போகணும்ட்டி, அவங்களை வெளியே போகச் சொல்லு" என்றார். அதற்குள் விரிப்பு நனைந்திருந்தது. தினமும் வார்டில் பெட்பேன் எடுத்துக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு ஜெபம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வேதத்தில் ஒரு வார்த்தையை நின்று வாசித்தேன். மத்தேயு 25:36 நமக்கெல்லாம் மனப்பாடம்: "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." குணமாக்க வந்தீர்கள் என்று இல்லை. எனக்காக உரத்த சத்தமாய் ஜெபித்தீர்கள் என்றும் இல்லை. விசாரிக்க. இதே வார்த்தை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையிலும் வருகிறது. சத்திரத்தான் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கிறதுதான் மாசில்லாத பக்தி. பேதுருவோ கடவுளையே "உங்களை விசாரிக்கிறவர்" என்கிறார். நம் பழைய வேதாகமத் தமிழில் விசாரிப்பு என்றால் பொறுப்பு எடுத்துப் பார்த்துக்கொள்வது. காயத்துக்கு எண்ணெய் ஊற்றுவதும், சத்திரத்து பில்லைக் கட்டுவதும் அதில் சேர்த்தி.

இந்த வார்த்தைக்கு இன்னொரு முகம் உண்டு. போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதும் விசாரணைதான். "எப்போ தெரிஞ்சுது? ஏன் முன்னாலேயே காட்டல? உங்க அம்மை வழியில யாருக்காவது இருந்துச்சா? இதுவரைக்கும் எவ்வளவு செலவு?" நோயாளி வீட்டில் நாம் கேட்கிற கேள்விகளில் பாதி இந்த ரகம். எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களை நாம் சும்மா திட்டுகிறோம். அவர்கள் வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல விசாரிப்புதான். வாயைத் திறந்த பிறகுதான் அது விசாரணை ஆனது.

உங்கள் கூட்டத்தில் யாராவது அக்காவிடம், "விசுவாசம் இருந்தா சுகம் உண்டு" என்று சொன்னார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படி வாசலில் நிறுத்தும் வீடுகளில் பாதிக்குப் பின்னால் அந்த ஒரு வாக்கியம் இருக்கும். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். கேட்டவள் காதில் 'உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இது' என்று விழும். பவுலை விட விசுவாசம் யாருக்கு இருந்தது? தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. தன்னோடு வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார், அதாவது மருந்து. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கதையில், "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. நாலு பேர் சுமந்து வந்தார்களே, அந்த அவர்கள். விசுவாசத்தை அளக்க வேண்டுமானால் சுமக்கிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய் பூசி ஜெபிப்பது பற்றிய யாக்கோபு 5:14-ஐ இன்னொரு தரம் வாசியுங்கள். வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்று இருக்கிறது. கூப்பிடுகிற உரிமை நோயாளியின் கையில். "நானே சொல்லி அனுப்புறேன்" என்று அந்த வீட்டுக்காரர் சொன்னது வேதத்துக்கு விரோதம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பழைய சபைகள். நம் திருநெல்வேலிச் சீமையில் இந்த மார்க்கம் பிரசங்கத்தால் மட்டும் வளரவில்லை. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ் ஐயர் (நம் பக்கத்தில் ஐயர் என்றால் பாதிரியார்) 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். கிறிஸ்தவர்களானதால் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவது அதன் வேலை. விதவைகளுக்கான நிதியும் அவர் காலத்தில் தொடங்கியதுதான். வெளியூர்ப் பணம் மட்டும் இல்லை, சபை மக்கள் போட்ட சில்லறையும் அதில் இருந்தது. நாசரேத்தில் ஸ்ட்ராச்சன் என்ற டாக்டர் ஐயர் வைத்தியத்தைத் தொடங்கி வைக்க, பின்னால் வந்த மர்காஷிஸ் ஐயர் 1908-இல் இறக்கும் வரை அந்த ஊரிலேயே கிடந்தார். மருத்துவமும் தெரிந்தவர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி அநாதைப் பிள்ளைகளை வைத்துச் சோறு போட்டு, 1878-இல் கைத்தொழில் பள்ளியும் ஆரம்பித்தார். பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளிக்கூடம் வந்தது 1890-களில். இதெல்லாம் உங்கள் சபையின் ஆண்டு விழா மலரில் எங்காவது இருக்கும், வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது தோனாவூர்தான், அது உங்களுக்குப் பக்கமும்கூட. அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்றே பேசுகிறோம். 1931 அக்டோபர் 24-ஆம் தேதி களக்காட்டில், வைத்திய வேலைக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டத் தொடங்கிய நேரத்தில் அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. 1951 ஜனவரி 18-இல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான். சுகமாயிருக்கிறவர்கள் சுகமில்லாதவர்களுக்கென்று எழுதிய ஆறுதல் புத்தகங்கள் தனக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுகொண்டு, படுக்கையிலிருந்தபடியே தன்னைப் போல் படுத்திருக்கிறவர்களுக்கு எழுத ஆரம்பித்தார். எனக்கு அதில் பிடித்தது, அந்த இருபது வருஷமும் அவரை யாரும் வெறும் நோயாளியாக ஒதுக்கி வைக்கவில்லை என்பது. கட்டிலிலிருந்தே அவருக்கு வேலை இருந்தது.

உங்கள் அக்கா சபையில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஓய்வுநாள் பள்ளி டீச்சரா, பாடகர் குழுவா, பண்டிகைக்குக் கோலம் போடுகிறவரா? அதைக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாரம் சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கீர்த்தனை சொல்லிக்கொடுக்கலாம் என்று போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். நோய் வந்தால் ஜெபம் வாங்குகிற இடத்திலேயே ஆளை உட்கார வைத்துவிடுகிறோம். "அக்கா, எனக்கு வேலைக்கு இன்டர்வியூ இருக்கு, ஜெபிச்சுக்கிடுங்க" என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

இனி அசனத்துக்கு, நம் சபை விருந்துக்கு, வருகிறேன். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு உங்கள் சபையில் அசனம் நடக்கும்தானே? அதைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? யார் வீட்டிலிருந்து எத்தனை படி அரிசி, யார் ஆடு, யார் விறகு, எந்தத் தெருப் பெண்கள் வெங்காயம் உரிக்க, யார் சோறு வடிக்க, யார் ஓலைப்பாயில் கொட்டி ஆற வைக்க, பந்தியில் யார் இலை, யார் குழம்பு வாளி, யார் தண்ணீர் என்று முழு நோட்டுப் புத்தகம் ஒன்று கமிட்டிக்காரர் கையில் இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டு எழுந்த பிறகும் அண்டாவில் சோறு மிஞ்சும். சாதி பார்த்துப் பந்தி பிரித்த ஒரு சீமையில் ஒரே பாயில் உட்காரக் கற்றுக்கொடுத்த சாப்பாடு அது. முழுக்கக் கற்றுக்கொண்டோமா என்பது வேறு கதை, இப்போது வேண்டாம். இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு நாளில் நடத்தத் தெரிந்த சபைக்கு, ஒரே ஒரு வீட்டுக்கு ஆறு மாதம் மத்தியானச் சோறு கொடுத்துவிடத் தெரியாதா? தெரியும். அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் சாதாரண நாளில் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

திறங்கள். அக்காவுக்குக் கீமோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்றால், ஊசி நாளும் அதற்குப் பின் வரும் நாலைந்து நாளும்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள். அந்த நாட்களை மட்டும் ஏழெட்டு வீடுகள் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை. சமைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: கீமோ எடுக்கிறவர்களுக்குத் தாளிக்கிற வாசனையும் மீன் பொரிக்கிற வாசனையும் குடலைப் பிரட்டும். சூடான சாப்பாட்டை விட ஆறின சாப்பாடு பலருக்கு இறங்கும். வாய்ப்புண் இருந்தால் காரம் ஆகாது, குழைய வடித்த சோறு, கஞ்சி, இட்லி போதும். ஆசையாக நாட்டுக்கோழிக் குழம்பு கொண்டுபோகிறவர்கள் அதைப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் என்று சொல்லித் தனியாக மூடி வையுங்கள். பாத்திரத்தைத் திரும்பக் கேட்டுப் போகாதீர்கள். அதற்காகக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருக்கிற வேலை அவர்களுக்கு வேண்டாம்.

வாலிபர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரி நாளில் அதிகாலையில் வண்டி. டோக்கன் போட முன்னால் போய் வரிசையில் நிற்க ஒரு ஆள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் அந்த ஒரு ஆள் இருந்தால் வீட்டுக்காரருக்குப் பாதி நாள் மிச்சம். ரத்தம் தேவைப்பட்டால் உங்களில் யார் எந்தக் குரூப் என்று ஒரு பட்டியல் இப்போதே இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குடும்பம் சேர்ந்திருக்கிறதா என்று நாசூக்காகக் கேளுங்கள். வருஷத்துக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. கார்டு இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குவது, கலெக்டர் ஆபீஸுக்குப் போவது எல்லாம் நீங்கள் செய்யக்கூடியவை. திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ போகிறார்கள் என்றால் கேன்சர் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மணி நேர ஜெபத்தை விட இதில் அலைச்சல் ஜாஸ்தி, ஒப்புக்கொள்கிறேன்.

பணம் கொடுக்கிறதாக இருந்தால் சமாரியனைப் பாருங்கள். அவன் காயம்பட்டவன் கையில் கொடுக்கவில்லை, எல்லாரையும் கூட்டிவைத்தும் கொடுக்கவில்லை. சத்திரத்தான் கையில் கொடுத்தான், மிச்சம் வந்தால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். மருந்துக்கடைக் கணக்கிலோ வண்டிக்காரரிடமோ நேராகக் கட்டிவிடலாம். ஆராதனையில் மைக் பிடித்து இன்னாருக்கு இந்த உறுப்பில் நோய், இவ்வளவு தேவை என்று படிப்பதை நிறுத்தச் சொல்லி ஐயரிடம் கேளுங்கள். ஜெபக் குறிப்பில் பெயர் போதும், அதுவும் அக்கா சம்மதித்தால். கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் உங்கள் சங்கத்தில் இருந்தால், அதைப் பற்றி நான் எழுதினால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் ஜெபமே வேண்டாமா? வேண்டும். கூப்பிட்டால் இரண்டு பேர் போங்கள், அதில் ஒரு பெண் இருக்கட்டும். சளி இருக்கிறவர் வேண்டாம். உள்ளே போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போனதும், "தண்ணீர் வேணுமா, பாத்ரூம் போகணுமா, சாஞ்சுக்கிடுறியளா" என்று கூட வந்த பெண் கேட்கட்டும். பிறகு ஒரு சங்கீதம், இரண்டு நிமிஷ ஜெபம். பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள். நற்கருணை எடுத்து ரொம்ப நாளாகியிருக்கும். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டில் வந்து கொடுப்பது சேகர குருவின், அதாவது உங்கள் ஐயரின், வேலைதான், நினைவுபடுத்துங்கள். பொதுப் பாத்திரம் வேண்டாம், தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லியோ, உபவாசம் இருக்கச் சொல்லியோ, கட்டி இருந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்த்தோ யாராவது வந்தால் அவர்களை வாசலில் நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. அந்த வேலையை வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

என் அம்மா பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார்கள். பேச்சு போய்விட்டது. படுத்தே கிடக்கிற உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். எனக்கு நைட் டியூட்டி இருக்கிற நாட்களில் அப்பா மட்டும்தான் வீட்டில். எங்கள் சபையின் கோயில்பிள்ளை, அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், காலை ஐந்து மணி மணியை அடித்துவிட்டு, கோயில் சாவிக்கொத்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். "திரும்பிக்கிடுவோமாக்கா?" என்பார். அப்பா தோளைப் பிடிப்பார், இவர் இடுப்பைப் பிடிப்பார். தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்துவிட்டு, கை கழுவிவிட்டுப் போய்விடுவார். எட்டு மாதமும் அப்படித்தான். அவர் எங்கள் வீட்டில் வாய் திறந்து ஜெபித்து நான் கேட்டதில்லை. கடைசி மாதங்களில் விடியற்காலை மணிச் சத்தம் கேட்டதும் அம்மாவின் கண் வாசல் பக்கம் போகும். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

உங்கள் கதையில் நான் முதலில் கவலைப்படுகிற ஆள் அந்த வீட்டுக்காரர்தான். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் அக்காவைப் பற்றித்தான் கேட்பார்கள். உங்களை வாசலில் நிறுத்தியது அவருக்கும் உறுத்திக்கொண்டிருக்கும். நாளைக்குச் சாயங்காலம் கடைத்தெருவில் பார்த்தால் ஒரு டீ சொல்லுங்கள். அக்காவைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். "நீங்க சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். அடுத்த ஊசி எந்தத் தேதி என்று அவரே சொல்வார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.